மகனை வில்லனாக்குவது எப்படி? மிகுபுனைவு எழுத வருபவர்களுக்கு ஒரு கணக்கு எழுதுபவனின் வழிகாட்டி

பகலில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவில் மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல் எழுதுகிறேன். என் நாவலில் வில்லன் ஒரு மகன். குரலால் மதகு திறக்கும் குடும்பத்தில் பிறந்து, குரல் மட்டும் வாய்க்காமல் போனவன். கடைசியில் அதே மதகை உடைத்து ஊரையே மூழ்கடிப்பவன். அவன் ஒருவனைச் சரியாக எழுத எனக்கு மூன்று வருஷமும் நான்கு வரைவும் ஆயின.

இரண்டாவது வரைவைப் படித்த என் பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்பன்மேல கோவம்னா அப்பனை வெட்டட்டும். சந்தைல கீரை விக்கிறவ இவனுக்கு என்னடா பண்ணா?”

என்னிடம் பதில் இல்லை. நீங்களும் இப்படி ஒரு மகனை எழுதப் போகிறீர்கள் என்றால், உங்கள் வீட்டிலும் யாராவது இதைக் கேட்பார்கள். அதற்கு முன்பே தயாராகிவிடுங்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு ஆவணங்கள் போதும்.

ஒன்று, வயதுப் பட்டியல். ஒரே தாள். மகனுக்கு 5, 8, 12, 16, 20 வயதாகும்போது வீட்டில் மற்றவர்களுக்கு என்ன வயது, யார் உயிரோடு இருந்தார்கள் என்று எழுதுங்கள். இது இல்லாமல் எழுதி, இறந்துபோன பாட்டியை இரண்டு அத்தியாயம் கழித்து முறுக்குச் சுட வைத்தவன் நான்.

இரண்டு, வீட்டின் வரைபடம். யார் எங்கே படுக்கிறார்கள், யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது தெரிந்தால் போதும்.

மூன்று, ஒரு பேரேட்டு நோட்டு, அதாவது கடைகளில் வரவும் பற்றும் எழுதும் லெட்ஜர். நீளவாக்கில், கட்டம் போட்டது. எனக்கு 80 ரூபாய் ஆனது. இதுதான் முக்கியம், இரண்டாம் படியில் சொல்கிறேன்.

நான்கு, அப்பாவின் வாக்குமூலம். இரண்டு பக்கம், “நான்” என்று அவரே பேசுவதாக எழுதுங்கள். நாவலில் ஒரு வரிகூட வராது. ஆனால் இதை எழுதாமல் போனால் அப்பா வெறும் பொம்மையாக நிற்பார், மகனும் பொம்மையோடு சண்டை போடுவான்.

நான்கும் சேர்ந்து, வேலை முடிந்து வந்து தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் முடியும். முதல் தடவை நான் நாட்டின் வரைபடத்துக்கும் நாணயத்துக்கும் மட்டும் நான்கு மாதம் செலவழித்தேன். வில்லனுக்கு ஒதுக்கியது ஒரு வாரம். படித்தவர்கள் யாரும் நாணயத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

1. பெரிய காயம் வேண்டாம், சாப்பாட்டு வரிசையைப் பாருங்கள்

முதல் வரைவில் அப்பா மகனின் முதுகில் சூட்டுக்கோல் வைத்தார். நிலவறையில் பூட்டினார். படித்தவர்கள் ஐயோ பாவம் என்றார்கள், அத்தோடு சரி. கொடுமை அத்தனை பெரிதாக இருந்தால், மகன் பிறகு எது செய்தாலும் வாசகர் முன்கூட்டியே மன்னித்துவிடுகிறார். அவன் தப்பாகப் புரிந்துகொள்ளவும் இடம் இருக்காது. எல்லாம் பட்டவர்த்தனமாகக் கிடக்கும்.

நான்காவது வரைவில் சூட்டுக்கோலை எடுத்துவிட்டு ஒரு மீன் துண்டை வைத்தேன். மூத்தவன் 14 வயதில் மதகில் விழுந்து செத்துப்போகிறான். அப்போது இளையவனுக்கு 8. அன்றிலிருந்து தினமும் இரவு மூத்தவனுக்கும் ஓர் இலை போடுகிறார்கள். அப்பா தன் கையாலேயே குழம்பிலிருந்து நடுத்துண்டை எடுத்து, முள் பார்த்து, அந்த இலையில் வைக்கிறார். இளையவனுக்கு வால் துண்டு. காலையில் நடுத்துண்டைக் காக்கைக்கு வைப்பது இளையவனின் வேலை. ஒருநாள் கூரைமேல் காக்கை தின்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். விரலில் ஒட்டியிருக்கும் மசாலாவை நக்கலாமா கூடாதா என்று யோசிக்கிறான். பிறகு அப்படியே கிணற்றடிக்குப் போய்க் கை கழுவுகிறான்.

அவ்வளவுதான். இந்த வீட்டில் யாரும் கெட்டவர் இல்லை. அப்பா துக்கம் காக்கிறார். எட்டு வயதுப் பையன் அதைப் பார்த்து வேறொன்றைக் கற்றுக்கொள்கிறான்: இந்த வீட்டில் செத்தவனுக்குத்தான் நடுத்துண்டு.

இன்னொன்று. அண்ணன் போன பிறகும் வீட்டில் இளையவனைச் “சின்னவன்” என்றே கூப்பிடுகிறார்கள். வாகையன் என்று அவனுக்கு ஒரு பெயர் இருப்பதை நாவலில் 13ஆம் அத்தியாயம் வரை யாரும் உச்சரிப்பதில்லை. இது ஏன் என்று நான்காம் படியில் தெரியும்.

2. பேரேடு போடுங்கள்

நான் கணக்கு எழுதுகிறவன் என்பதால் இது எனக்கு எளிதாக வந்தது. உங்களுக்கும் வரும். நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: வயது, நடந்தது, தனக்கு வரவேண்டியது என்று அவன் நினைப்பது, யார் பெயரில் பற்று (அதைத் தர வேண்டியவர் யார்). குறைந்தது 40 பதிவு எழுதுங்கள்.

என் நோட்டிலிருந்து ஒன்று: “வயது 12. திருவிழாவில் மதகு திறக்க மாமன் மகனை நிறுத்தினார்கள். எனக்குப் பந்தம் பிடிக்கும் வேலை. வரவேண்டியது: ஒருமுறையாவது முயற்சி செய்ய அனுமதி. பற்று: அப்பா.”

பதிவுகளில் மூன்றில் ஒரு பங்கு நியாயமாக இருக்கட்டும். இன்னொரு பங்கு ஊதிப் பெருத்ததாக இருக்கட்டும். மிச்சம் முழுப் பொய்யாக, அவன் தப்பாகக் கேட்டதோ தானே கற்பித்துக்கொண்டதோ இருக்கட்டும். மூன்றும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருக்கும் என்பதுதான் அவனுடைய சிக்கல்.

அடுத்து நீங்கள் கவனிக்க வேண்டியது, அவன் எதை எழுதாமல் விடுகிறான் என்பதை. கடையில் நாங்கள் போடுவது இரட்டைப் பதிவு: ஒரு பக்கம் பற்று என்றால் இன்னொரு பக்கம் வரவு உண்டு. இவன் போடுவது ஒற்றைப் பதிவு. பாட்டி முந்தானையில் முடிந்துவைத்துக் கொடுத்த வெல்லம் நோட்டில் ஏறாது. காய்ச்சலில் மூன்று ராத்திரி அப்பா கண்விழித்தது ஏறாது. இந்த விட்டுப்போன வரவுகளை நீங்கள் தனித் தாளில் எழுதி வையுங்கள். நாவலில் அவற்றை வாசகர் கண்ணில் படும்படி, அவன் கண்ணில் படாதபடி வைக்க வேண்டும்.

நியாயமான பற்று இருந்தும் கணக்கு காட்டப்படாத மகனுக்கு உதாரணம், ஆர்தர் மன்னனின் கதையில் வரும் மோர்ட்ரெட். 1485இல் அச்சான மேலரியின் ஆங்கில வடிவத்தில், மே மாதம் முதல் நாள் பிறந்த குழந்தை உன்னை அழிக்கும் என்று மந்திரவாதி மெர்லின் சொல்ல, ஆர்தர் அன்று பிறந்த குழந்தைகளைக் கப்பலில் ஏற்றிக் கடலில் விடுகிறான். கப்பல் உடைகிறது. மோர்ட்ரெட் மட்டும் கரை ஒதுங்கி, யாரோ ஒரு நல்லவர் வீட்டில் 14 வயது வரை வளர்ந்து, அரசவைக்கு வந்து சேர்கிறான். அப்பனே கொல்லப் பார்த்தான் என்பதைவிடப் பெரிய பற்று எது? ஆனால் அந்த 14 வருஷம் அவன் காதில் என்ன விழுந்தது, எப்போது விழுந்தது என்று கதை வாய் திறப்பதில்லை. அந்தக் காலத்து வாசகருக்கு அது போதும். இன்று நீங்கள் அப்படி எழுதினால் மூன்றாவது பக்கத்தில் கேள்வி வரும்.

3. அதே வீட்டில் கெட்டுப்போகாத ஒருவரைத் தேடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக்கொண்டு போகாதீர்கள். அப்பன் பாசம் காட்டவில்லை, அதனால் மகன் கெட்டான் என்று மட்டும் நீங்கள் நம்பினால், ஃபராமிர் உங்கள் நாவலைக் கவிழ்த்துவிடுவான்.

1955இல் வந்த ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ நாவலில் டெனத்தோர் என்ற ஆட்சியாளரின் இளைய மகன் அவன். மூத்தவன் இறந்துவிட்டான். அவன் இருந்து நான் போயிருக்க வேண்டும் என்கிறீர்களா என்று இளையவன் அப்பாவிடம் நேருக்கு நேர் கேட்கிறான். ஆமாம் என்கிறார் அப்பா. என் சின்னவனுக்குக்கூட நான் இவ்வளவு கொடூரமான வரி எழுதவில்லை. ஆனாலும் ஃபராமிர் அப்பா சொன்ன போருக்குத்தான் போகிறான், எதிரியிடம் போகவில்லை.

ஏன் போகவில்லை? அவன் நல்ல பிள்ளை என்பதற்காக மட்டும் இல்லை. காண்டால்ஃப் என்ற இன்னொரு பெரிய மனிதரிடம் அவன் சிறுவயதிலிருந்து பாடம் கேட்டிருக்கிறான். அப்பாவுக்கு அதில் எரிச்சல்கூட உண்டு. கிளம்பும்போது அதே பெரியவர், உன் அப்பாவுக்கு உன்மேல் பாசம் உண்டு, முடிவதற்குள் நினைத்துக்கொள்வார் என்று சொல்லி அனுப்புகிறார். விட்டுப்போன வரவை யாரோ ஒருவர் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

இதிலிருந்து நான் எடுத்த வேலைக்குறிப்பு: உங்கள் மகனைச் சுற்றி இருக்கும் ஆட்களில் வரவைப் படித்துக் காட்டக்கூடியவர் யார் என்று பாருங்கள். அவரை அப்புறப்படுத்தும் அத்தியாயம் எது என்று முடிவு செய்யுங்கள். எனக்கு அது பாட்டி, 9ஆம் அத்தியாயம். கொல்லத்தான் வேண்டும் என்றில்லை. மகனே அவரை அவமானப்படுத்தித் துரத்தினால் இன்னும் நல்லது. எனக்கு மனசு வரவில்லை, கொன்றுவிட்டேன்.

4. “உன் கணக்கு சரிதான்” என்று சொல்ல ஓர் ஆள்

புதிதாக எழுதுகிறவர்கள் இங்கே கறுப்பு அங்கியில் ஒரு மந்திரவாதியைக் கொண்டுவந்து சிரிக்க வைப்பார்கள். நானும் செய்தேன். அப்படிச் சிரிக்கிறவன் பின்னால் யாராவது போவார்களா?

வருகிறவர் மரியாதை தெரிந்தவராக இருக்க வேண்டும். அரங்கில் கர்ணனைப் பார்த்துக் குலம் என்ன என்று கேட்டபோது எல்லோரும் வாய்மூடி நின்றார்கள். துரியோதனன் மட்டும் எழுந்து, அங்கேயே அங்க நாட்டுக்கு முடிசூட்டினான். அதற்கு மேல் அவன் ஒன்றும் பேசத் தேவையே இருக்கவில்லை. செஞ்சோற்றுக் கடன் என்ற ஒரு சொல்லில் நம் ஊர் அந்த முழுக் கதையையும் வைத்திருக்கிறது. (கர்ணனை வில்லன் என்று நான் எழுதவில்லை. எழுதினால் பெரியம்மா சோறு போடமாட்டார். எந்தப் பக்கம் போய் நின்றான், எதற்காக நின்றான் என்பதுதான் நமக்கு வேண்டும்.)

என் நாவலில் அப்படி வருபவள் பக்கத்து நாட்டு உப்பு வியாபாரி. விருந்தில் இலை போட்டுவிட்டு, “உங்க பேர் என்ன?” என்கிறாள். சின்னவன் என்கிறான். “அது கூப்பிடற பேர். உங்க பேரைச் சொல்லுங்க” என்கிறாள். 13ஆம் அத்தியாயம். அவன் பெயரைச் சொன்னதும் அவள் எழுந்து நடுத்துண்டைப் பரிமாறுகிறாள். மதகைப் பற்றி அவள் கேட்பது இன்னும் ஏழு அத்தியாயம் கழித்து.

5. முதல் தப்பு சின்னதாக இருக்கட்டும், லாபம் தரட்டும்

இங்கே கால அட்டவணை முக்கியம். என் நாவலில் மொத்தம் 42 அத்தியாயம். இப்படிப் பிரித்தேன்:

அத்தியாயம் 6: ஒரு பொய். மாட்டிக்கொள்ளவில்லை.
அத்தியாயம் 11: ஒரு திருட்டு. பழி வேலைக்காரப் பையன்மேல் விழுகிறது, இவன் பேசாமல் இருக்கிறான்.
அத்தியாயம் 20: மதகின் ரகசியத்தை விற்கிறான்.
அத்தியாயம் 26: முதல் சாவு. இவன் திட்டமிடாதது.
அத்தியாயம் 35: ஊர்.

பொய்க்கும் சாவுக்கும் நடுவே 20 அத்தியாயம். மூன்றாவது வரைவில் இது நான்கே அத்தியாயமாக இருந்தது. ஒருநாள் ராத்திரியில் கெட்டுப்போனான் என்று ஒரு நண்பர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

ஒவ்வொரு தப்பும் முந்தைய தப்பை மறைக்க வர வேண்டும். 1998இல் வந்த ‘எ கிளாஷ் ஆஃப் கிங்ஸ்’ நாவலின் தியோனைப் பாருங்கள். பத்து வயதில் பிணையாக வேற்று வீட்டுக்குப் போனவன். வளர்ந்து திரும்பினால் சொந்த அப்பாவே ஏளனம் செய்கிறார். தன்னை நிரூபிக்க, தான் வளர்ந்த கோட்டையையே பிடிக்கிறான். சிறைவைத்த இரண்டு சிறுவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். ஆட்கள்முன் தலைகுனிய வேண்டும். அதனால் ஒரு மாவு ஆலைக்காரரின் இரண்டு பிள்ளைகளைக் கொன்று, அவர்கள்தான் இவர்கள் என்று காட்டுகிறான். அந்தப் பிள்ளைகள்மேல் அவனுக்கு எந்தக் கோபமும் கிடையாது. மானம் போகக்கூடாது என்பதற்காக நடந்தது அது.

6. அப்பாவிடமிருந்து ஊருக்கு

கீரைக்காரியைப் பற்றிப் பெரியம்மா கேட்ட கேள்விக்கு வந்துவிட்டோம். எனக்கு அதிக நாள் பிடித்த இடம் இதுதான், ஏழு மாதம்.

முதலில் நான் செய்த தப்பு: வில்லனுக்கு ஒரு நீண்ட பேச்சு எழுதினேன். “இந்த ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது” என்று தொடங்கி இரண்டு பக்கம். பேச்சால் இந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாது. பிறகு பேரேட்டை எடுத்து நான்காவது பத்தியைப் பார்த்தேன். நாற்பது பதிவிலும் பற்று அப்பா பெயரில்தான் இருந்தது. ஊர் பெயரில் ஒன்றுகூட இல்லை. பிறகு எப்படி அவன் ஊரிடம் வசூலிப்பான்?

ஆகவே பதிவுகளைத் திருத்துங்கள். வயது ஏற ஏற, பற்றில் பெயர் மாற வேண்டும். எட்டு வயதில் அப்பா. 12 வயதில் அப்பாவும் மாமனும். 16இல் “பந்தம் பிடிச்சப்ப பாத்துட்டு நின்ன எல்லாரும்.” 19இல் வெறுமனே “அவங்க.” இப்போது கீரைக்காரி உள்ளே வந்துவிட்டாள். பந்தம் பிடித்த அன்று அவள் கூட்டத்தில் நின்றாள், பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ சொன்னாள். இவனைப் பற்றியே இல்லை, முருங்கை விலையைப் பற்றி. அதை அத்தியாயம் 4இலேயே, அவள் வாயாலேயே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, எப்படிச் செய்வது என்பதை அவன் எங்கிருந்தாவது பார்த்தாக வேண்டும். இதற்கு அசுவத்தாமனைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. அப்பா துரோணரை வஞ்சகமாகச் சாய்த்துவிட்டார்கள். யுத்தம் முடிந்த இரவு, ஆலமரத்தடியில் தூக்கம் வராமல் கிடக்கிறான். மரத்தில் காக்கைகள் தூங்குகின்றன. ஒரு கோட்டான் சத்தமில்லாமல் வந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கொல்கிறது. அதைப் பார்த்தபிறகுதான் அவனுக்கு வழி தெரிகிறது. பாசறைக்குள் போய் முதலில் தந்தையின் தலையை வெட்டிய திருட்டத்துய்மனைக் கொல்கிறான். அதோடு கணக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கை நிற்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் ஐந்து பிள்ளைகள்வரை போகிறது.

கோபத்துக்குக் காரணமானவனையும் காரணமே இல்லாதவர்களையும் ஒரே இரவில், ஒரே மூச்சில் அடுத்தடுத்து வையுங்கள். நடுவில் அத்தியாயத்தை முடித்து இடைவெளி விட்டால் வாசகர் கேள்வி கேட்க நேரம் கிடைத்துவிடும். என் சின்னவன் மதகை உடைக்கும்போது அப்பா மதகின்மேல்தான் நிற்கிறார். தண்ணீர் அவரோடு நிற்காது.

7. திரும்பிப்போக ஒரு கதவு

ஒரு கதவு போதும், ஆனால் உண்மையான கதவாக இருக்கட்டும். அசுவத்தாமனுக்கே அவன் மாமன் கிருபர் இருந்தார். தூங்குகிறவர்களைக் கொல்லாதே, விடியட்டும் என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. வாசகர் “போயிடுடா, போயிடுடா” என்று மனசுக்குள் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவன் போகாதபோது வலிக்கும்.

கதவு வைக்கும்போது அவன் கெட்டதற்கான காரணத்தை மட்டும் சுருக்கிவிடாதீர்கள். கால் ஊனம், மனநோய், கறுப்பு நிறம், தத்துப்பிள்ளை, இரண்டாம் தாரத்து மகன்: இவற்றில் ஒன்றை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது சோம்பேறித்தனம். படிப்பவர்களில் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். அவர்கள் யாரும் ஊரை எரித்ததில்லை.

8. அச்செடுப்பு, வாசகர், செலவு

ஃபோனில் படிக்கக் கொடுக்காதீர்கள். அச்செடுத்துக் கொடுங்கள். 310 பக்கம், எங்கள் பக்கத்துக் கடையில் பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய், ஸ்பைரல் பைண்டிங் 60. ஒரு பிரதி 525 ரூபாய் ஆனது. மூன்று பேர் போதும். ஆளுக்கு ஒரு பென்சிலும் ஒரு மாத அவகாசமும் கொடுங்கள்.

பதிப்புரிமைப் பதிவுக்கு அவசரப்படாதீர்கள். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், விண்ணப்பித்தபின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு. நான் முதல் வரைவிலேயே பணம் கட்டினேன். நான்காவது வரைவில் வில்லனின் பெயரே மாறிவிட்டது. பதிவு செய்யாவிட்டாலும் எழுதியது உங்களுடையதுதான். ஐஎஸ்பிஎன் எண் (புத்தகத்தின் அடையாள எண்) இந்தியாவில் இலவசம். அதற்கென்று தனியாகக் காசு கேட்டார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

“நல்லா இருக்கா?” என்று கேட்டு எந்தப் பயனும் இல்லை, நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தப் பக்கத்தில் இவனுக்காகப் பரிந்து பேச முடியாமல் போனது? அந்தப் பக்க எண்ணை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டாவது வரைவுக்கு எனக்கு வந்த எண்கள் 12, 240. மூன்றாமவர் கடைசிவரை பரிந்து பேசினார். அப்படி எண்கள் சிதறினால் ஐந்தாம் படிக்குத் திரும்பிப்போய் அட்டவணையைச் சரிசெய்யுங்கள். நான்காவது வரைவுக்கு இரண்டு பேர் 188, 197 என்று எழுதினார்கள்.

பெரியம்மா எண் எழுதவில்லை. பிரதியைத் திருப்பிக் கொடுத்தபோது மீன் வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது: “ஒரு நாளாவது அவனுக்கு வச்சிருக்கலாம்.”